யார் முதலில் கூப்பிடுவது

ரினியோவுக்குப் பொறுமை கிடையாது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பச்சைப் பொய். கவாலாவில் உள்ள மாலை நேரத் தொழிற்பள்ளியில், பகலெல்லாம் மீன் பெட்டி தூக்கிவிட்டும் பெயின்ட் அடித்துவிட்டும் வந்து கொட்டாவி விடுகிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஜாவா என்கிற கணினி மொழி சொல்லிக்கொடுக்கிறாளே, பொறுமை இல்லாமலா? அவளுக்குப் பொறுமை இல்லாதது தன் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் மட்டும்தான். அந்த இரண்டு பேரிடமும் பொறுமையாக இருக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும், என் செலவில் காபி.

நான் ஸ்மாரோ. கெரமோத்தித் துறைமுகத்தில் அவர்களுடைய கப்பல் அலுவலகத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். கப்பல் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு எதிரே கண்ணுக்குத் தெரிகிற தாசோஸ் தீவுக்குப் போய்த் திரும்புகிற ஒற்றைக் கப்பல். இந்தக் கரை அலுவலகத்தில் மூத்தவர் ஃபோத்திஸ், ரினியோவின் அப்பா. தீவுக் கரை அலுவலகத்தில் இளையவர் இக்னாத்திஸ், அவளுடைய சித்தப்பா. நடுவில் கடல். கடலோடு சேர்த்து, நான்கு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எங்களுக்குப் பிறந்த நாளை விடப் பெயர் நாள் பெரிது. எந்தப் புனிதர் பெயரை வைத்திருக்கிறானோ அவர் திருநாளில் ஒருவன் வீட்டில் தட்டு நிறைய இனிப்போடு உட்கார்ந்திருப்பான், ஊரே அவனைக் கூப்பிட்டு வாழ்த்தும். அவனாக யாரையும் கூப்பிட மாட்டான். இக்னாத்திஸின் நாள் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். அந்த வருஷம் அண்ணன் பல் பிடுங்கிக்கொண்டு, தாடை வீங்கிக் கிடந்தார், கூப்பிடவில்லை. ஃபோத்திஸின் நாள் ஜனவரியில், பாதிரியார் சிலுவையைக் கடலில் எறிகிற அன்று. அன்று தம்பி கூப்பிடவில்லை. அவருக்குப் பல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவுதான் கதை.

அன்றிலிருந்து அவர்களுக்கு நடுவில் ஃபோன் கம்பியாக இருந்தது நான். அடுத்த நடைக்குத் தீவிலிருந்து எத்தனை கார் முன்பதிவு, இங்கிருந்து எத்தனை, கப்பலில் எவ்வளவு இடம் என்று இரண்டு கரையும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபோத்திஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்தக் கழுதைகிட்ட சொல்லு, ரெண்டு லாரி வருதுன்னு" என்பார். நான் ஃபோனில், "அண்ணே, ரெண்டு லாரி வருதாம்" என்பேன். மறுபக்கம், "கழுதைன்னு சொன்னானா இல்லையா, அதைச் சொல்லு" என்று வரும். கையடக்க ஃபோனில் செய்தி அனுப்பலாமே என்று கேட்காதீர்கள். அனுப்பிப் பார்த்தோம். பார்த்துவிட்டான் என்று காட்டுகிறது, பதில் வரவில்லை என்று அதற்கும் ஒரு மாதம் சண்டை போட்டார்கள்.

இந்த நிலையில் ரினியோவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஸ்தாத்திஸ் மருந்துக்கடை வைத்திருக்கிறவன், நல்ல பையன், அதிகம் பேச மாட்டான், இந்தக் குடும்பத்துக்கு அது ஒரு வரம். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில். சிக்கல் எங்கே என்றால், மணமக்கள் தலையில் இருக்கிற கிரீடங்களை மாற்றி மாற்றி வைக்கிற உரிமை பெண்ணின் ஞானத் தகப்பனுக்கு. ரினியோவுக்கு ஞானஸ்நானத்தில் எண்ணெய் தடவியவர் இக்னாத்திஸ் சித்தப்பாதான். சின்ன வயசில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பலின் மேல்தளத்தில் கடல் காகங்களுக்கு ரொட்டி எறிந்ததும் அவர்தான். அவர் இல்லாமல் கிரீடம் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"கூப்பிடேன்பா. ஒரு வார்த்தை" என்றாள் அப்பாவிடம்.

"நான் ஏன் கூப்பிடணும்? உரிமை அவனோடது. உரிமை உள்ளவன் வந்து கேக்கட்டும், நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

தீவுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் கேட்டாள்.

"நீ கூப்பிட்டா நரகத்துக்குக்கூட வருவேன் கண்ணு. ஆனா பொண்ணு வீட்டுக்காரன்னு ஒருத்தன் இருக்கான்ல? அவன் வாயைத் திறக்காம நான் எப்படி வந்து நிக்கிறது? நாய்கூட விசில் அடிச்சாத்தான் வரும்."

எங்கள் வழக்கப்படி பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால்தான் எனக்கு அத்தனை எரிச்சல்.

ரினியோ வாதாடவில்லை. "கார் கணக்குக்கு ரெண்டு ஆபீசுக்கும் ஒரு புரோகிராம் எழுதித் தரேன். ஸ்மாரோ அக்கா பாவம், தொண்டை போகுது" என்றாள். கார் கணக்கு ஒரு சாக்கு. ஒரே திரையில் தினமும் முட்டிக்கொண்டால், என்றாவது ஒருநாள் கல்யாணப் பேச்சும் அதில் வந்து விழும் என்பது அவள் கணக்கு. இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரு குழாய் போட்டு, இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கிற மாதிரி செய்வது. ஜாவாவில் அதற்குச் சாக்கெட் என்று பெயர். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற முதல் பயிற்சியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. குழாய் தானாக உண்டாகாது. ஒரு கணினி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், இன்னொன்று அதைக் கூப்பிட வேண்டும். யார் காத்திருப்பது, யார் கூப்பிடுவது என்பதை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பொத்தான் வைத்தாள். படித்த பெண், நாலு பேருக்குப் பாடம் நடத்துகிறவள், தன் குடும்பத்திடம் போய் விருப்பம் கேட்டாளே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"காத்திருக்கிறவனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார் ஃபோத்திஸ்.

"சும்மா உக்காந்திருக்கணும்பா. அடுத்தவங்க கூப்பிடுவாங்க."

"பெயர் நாள் மாதிரி."

"ஆமா, அப்படி வச்சுக்கோ."

அவர் 'காத்திரு' பொத்தானை அழுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். தீவில் அதே நேரத்தில் தம்பியும் அதையே அழுத்தியிருக்கிறார். காலையிலிருந்து இரண்டு திரையிலும் 'அழைப்புக்காகக் காத்திருக்கிறது' என்ற வரி மட்டும் நின்றது. கப்பல் இரண்டு நடை போய் வந்துவிட்டது. மதியம் ஃபோத்திஸ் திரையைப் பார்த்து, "பாத்தியா ஸ்மாரோ, மெஷின் வச்சுக் குடுத்தும் கூப்பிட மாட்டேங்கிறான்" என்றார். உண்மையாகவே மனம் நொந்துதான் சொன்னார்.

மறுநாள் ரினியோ பொத்தான்களை எடுத்துவிட்டாள். முதலில் திறக்கிற கணினி சத்தமில்லாமல் காத்திருக்கும், பின்னால் திறப்பது சத்தமில்லாமல் கூப்பிடும். எது எப்படி நடந்தாலும் இரண்டு திரையிலும் ஒரே வரி வரும்: 'உங்கள் சகோதரர் கூப்பிடுகிறார்.'

"இது பித்தலாட்டம்டி" என்றேன்.

"அரசியல்னு சொல்லுங்க அக்கா, கௌரவமா இருக்கும்."

அந்த வரியைப் பார்த்ததும் ஃபோத்திஸ் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்வேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால் தட்டினார்: 'என்ன வேணும் உனக்கு?' தீவில் தம்பியும் இதே தோரணையில் உட்கார்ந்திருந்ததாக அங்கே டிக்கெட் கொடுக்கிற பெண் பிறகு சொன்னாள். தன்னைக் கூப்பிட்டார்கள் என்ற பெருமையில் இரண்டு கிழங்களும் அன்று ரொம்ப நல்லவர்களாக இருந்தன.

ஆனால் அது பள்ளிப் பயிற்சி நிரல் என்று சொன்னேனல்லவா. அதில் ஆள் ஆளுக்கு முறை. நான் ஒரு வரி அனுப்பினால், நீ பதில் அனுப்புகிற வரைக்கும் என் விசைப்பலகை வேலை செய்யாது. நிரல் மொத்தமும் உன் பதிலுக்காக வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடும். இதை முதலில் கண்டுபிடித்தவர் இக்னாத்திஸ். ஒருநாள் ருமேனியாவிலிருந்து ஒரு சுற்றுலாப் பேருந்து கரையில் வந்து நிற்கிறது. ஃபோத்திஸ், 'பஸ்ஸுக்கு இடம் இருக்கா?' என்று அனுப்பினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார், எழுத்தே விழவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறான்.

"ஸ்மாரோ, இது செத்துப்போச்சு."

நான் தீவுக்கு ஃபோன் செய்தேன். அங்கிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "செத்துப்போகல அக்கா. பதில் போடலேன்னா அண்ணனால பேசவே முடியாதுன்னு இவருக்குத் தெரிஞ்சுபோச்சு. மரத்தடியில உக்காந்து ஐஸ் காபி குடிச்சுக்கிட்டிருக்காரு. பிறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் அண்ணன் வாயை மூடியிருக்கேன், கொஞ்சம் அனுபவிக்க விடுங்கன்றாரு."

ஃபோத்திஸுக்கு வந்த கோபத்தில் விசைப்பலகை கடலுக்குப் போயிருக்கும். நான் பிடுங்கி டிக்கெட் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அவமானம் தாங்காமல், "கல்யாணமாவது கிரீடமாவது, அவன் நிழல்கூடக் கோயில்ல விழக் கூடாது" என்று கத்திவிட்டார். அந்த நேரம் பார்த்து ரினியோ உள்ளே வந்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிறு முழுக்க அலுவலகத்தில்தான் இருந்தாள். நான் அவளுக்குக் கீரை அப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னடி பண்றே இப்போ?"

"நீங்க டிக்கெட் கிழிச்சுக்கிட்டே அப்பா திட்டுறதையும் கேக்குறீங்கல்ல?"

"வேற வழி?"

"அவர் திட்டி முடிக்கட்டும்னு டிக்கெட்டை நிறுத்தி வைக்க மாட்டீங்க. நீங்க டிக்கெட் குடுக்குறீங்கன்னு அவரும் திட்டுறதை நிறுத்த மாட்டார். காது வேலை காதுக்கு, கை வேலை கைக்கு. அதைத்தான் செய்யறேன்."

ஜாவாவில் அதற்கு இழை என்று பெயராம். ஒரே நிரலுக்குள் இரண்டு இழை, இரண்டு வேலையாட்கள் மாதிரி. ஒருத்தன் குழாயில் காதை வைத்துக்கொண்டு, வருவதை வந்த உடனே திரையில் போட்டுக்கொண்டே இருப்பான். இன்னொருத்தன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு, தட்டியதைத் தட்டிய உடனே அனுப்பிக்கொண்டே இருப்பான். ஒருவனுக்காக ஒருவன் நிற்க மாட்டான். இந்தக் கரையில் இரண்டு பேர், அந்தக் கரையில் இரண்டு பேர். தம்பி ஐஸ் காபி குடிக்கப் போனாலும் அண்ணன் வாயை இனி யாராலும் மூட முடியாது. இதில் யாருக்கு லாபம் என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது.

சந்தேகம் வீண் போகவில்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து இரண்டு பக்கமும் வசை மழை. இவர் பஸ் விஷயத்துக்குத் திட்ட, அவர் பல் விஷயத்துக்குத் திட்ட, நடுநடுவே லாரி எத்தனை, பல்கேரியக் கார் எத்தனை என்ற கணக்கும் பிழையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. யாரும் யார் சொல்வதையும் படித்த மாதிரி தெரியவில்லை. ஆனால் இரண்டு பேரும் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான்கு வருஷத்துப் பேச்சு அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது, பாவம். எல்லாம் பேசினார்கள், கல்யாணத்தைத் தவிர. அந்த இடம் வந்தால் இரண்டு பேரும் சட்டென்று கார் கணக்குக்குப் போய்விடுவார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரினியோவுக்குத் தாங்கவில்லை. அப்பா முன்னால் நின்றாள்.

"இத்தனை நாளா சித்தப்பா உன்னைக் கூப்பிட்டாருன்னு நினைச்சியா?"

"பின்னே? தினம் வருதே, சகோதரர் கூப்பிடுகிறார்னு."

"அவருக்கும் அதேதான் வருது. யாரும் யாரையும் கூப்பிடல. புரோகிராம் கூப்பிட்டுச்சு. நான் எழுதின பொய் அது."

ஃபோத்திஸ் திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ரினியோ ஃபோனை எடுத்துச் சித்தப்பாவிடமும் அதையே சொன்னாள். பிறகு நிரலை மாற்றினாள். இழைகளைத் தொடவில்லை. பழைய இரண்டு பொத்தான்களை மட்டும் திரும்பக் கொண்டுவந்தாள். இரண்டு கரைக்கும் ஒன்றாகச் சொன்னாள்: "கூப்பிடணும்னு தோணினா 'கூப்பிடு'ன்னு அழுத்துங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள யாரும் அழுத்தலேன்னா, எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வந்து கிரீடம் மாத்துவார். அவருக்கும் ரெண்டு கை இருக்கு."

சொல்லிவிட்டு வெளியே போய்க் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுகிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பெற்றவனுக்கும் எண்ணெய் தடவியவனுக்கும் நடுவில் ஒரு பெண் இப்படியா உட்கார்ந்திருக்க வேண்டும்.

செவ்வாய் போனது, புதன் போனது. இரண்டு திரையிலும் காத்திருக்கிறது, காத்திருக்கிறது. கார் கணக்கு திரும்ப என் தொண்டைக்கு வந்தது. வியாழன் காலை ஃபோத்திஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார்.

"எஞ்சின்ல ஏதோ சத்தம் கேக்குதாம். ஒரு நடை கூடப் போய்ப் பாத்துட்டு வரேன்."

"எஞ்சின் பாக்கவா வாசனை அடிச்சிருக்கீங்க?"

"உன் வேலையைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் கப்பலில் ஏறினார்.

கப்பல் புள்ளியாகப் போன பிறகு ஒரு சின்ன மீன்பிடிப் படகு வந்து கரையை முட்டியது. இறங்கியவர் இக்னாத்திஸ். அவரும் இஸ்திரி போட்ட சட்டை. நேராக உள்ளே வந்து, நான்கு வருஷமாக மிதிக்காத அந்த அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"வலை வாங்க வந்தேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. "எங்கே அவன்?"

"உங்க ஆபீசுக்குப் போயிருக்காரு."

"எதுக்கு?"

"எஞ்சின் பாக்க."

அவர் அண்ணன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தீவிலிருந்து ஃபோன் வந்தது. அந்தப் பெண் தணிந்த குரலில், "அக்கா, உங்க ஆளு இங்க வந்து எங்க ஆளு நாற்காலியில உக்காந்திருக்காரு. எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. கம்ப்யூட்டர்ல எதையோ அழுத்திக்கிட்டே இருக்காரு" என்றாள். திரும்பிப் பார்த்தால் இங்கே இவரும் அதையே அழுத்திக்கொண்டிருந்தார். 'கூப்பிடு.' திரையில், 'எதிர்முனையில் யாரும் காத்திருக்கவில்லை' என்று வந்தது. மறுபடி 'கூப்பிடு.' மறுபடி அதே வரி.

நான் ரினியோவுக்கு ஃபோன் போட்டேன். ஓடி வந்தாள். மூச்சு வாங்க நின்று சித்தப்பாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். ஃபோனில் தீவைக் கேட்டாள். புரிந்துவிட்டது.

"சித்தப்பா, ரெண்டு பேரும் கூப்பிட்டா கிடைக்காது. ஒருத்தர் காத்திருக்கணும். நீங்க 'காத்திரு' அழுத்துங்க."

"நான் எதுக்குக் காத்திருக்கணும்? கடல் தாண்டி வந்திருக்கேன் கூப்பிடறதுக்கு. அவனைக் காத்திருக்கச் சொல்லு."

ஃபோனில் அப்பாவிடம் கேட்டாள். அந்தக் குரல் எனக்கே கேட்டது. "முடியாது. இன்னைக்கு நான்தான் கூப்பிடுவேன். அவனைச் சும்மா உக்காரச் சொல்லு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ரினியோ சித்தப்பாவின் கையைப் பிடித்து விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். "யாராவது ஒருத்தர் காத்திருந்தாத்தான் இது நடக்கும். நான் காத்திருக்கேன். நாலு வருஷமா அதைத்தானே செய்யறேன்" என்று சொல்லிவிட்டு அவளே 'காத்திரு' பொத்தானை அழுத்தினாள்.

தீவிலிருந்து அழைப்பு வந்து விழுந்தது. குழாய் திறந்தது. இக்னாத்திஸ் குனிந்து இரண்டு விரலால் வேக வேகமாகத் தட்டினார். அங்கே அண்ணனும் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இவர் அனுப்பிய கணத்திலேயே அவருடைய வரியும் வந்து கீழே நின்றது.

'ஞாயித்துக்கெழமை நான்தான் கிரீடம் மாத்துவேன். வேற எவனாவது கை வச்சா கடல்ல தூக்கிப் போடுவேன்.'

'ஞாயித்துக்கெழமை வாடா கழுதை. நீ வராம எம்பொண்ணு கோயில்ல நிக்க மாட்டா. நானும் நிக்க மாட்டேன்.'

இக்னாத்திஸ் அந்த இரண்டாவது வரியை வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தி, இஸ்திரி போட்ட சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ரினியோ அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிரீடங்கள் மாறின. சித்தப்பா அவசரமாக மாற்றியதில் ஒரு கிரீடம் ஸ்தாத்திஸின் மூக்கு வரை இறங்கிவிட்டது, பையன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தில் வறுத்த ஆட்டுக்கறி வந்து சேர்வதற்குள் அண்ணனும் தம்பியும் தொடங்கிவிட்டார்கள்.

"நான்தான் முதல்ல கூப்பிட்டேன். என் வரி மேல இருந்துச்சு" என்றார் ஃபோத்திஸ்.

"உன் வரி கீழ இருந்துச்சு. ஸ்மாரோவைக் கேளு, அவ பாத்தா."

"அந்தக் கரையில கீழ இருந்திருக்கும். என் கரையில நான் மேல."

யாருடைய வரி யாருக்கு முன்னால் கிளம்பியது என்று எனக்குத் தெரியாது. இந்தக் கரையில் தம்பி முதல், அந்தக் கரையில் அண்ணன் முதல். கூப்பிட மாட்டேன் என்று நான்கு வருஷம் வீம்பு பிடித்தவர்கள், நான்தான் முதலில் கூப்பிட்டேன் என்று இப்போது மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் மணப்பெண் பக்கம் திரும்பினார்கள்.

"நீ எழுதின புரோகிராம்தானே. நீயே சொல்லு, யார் முதல்ல?" என்று கேட்டார் ஃபோத்திஸ்.

ரினியோ தட்டை நகர்த்தி வைத்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசினீங்கப்பா. எப்பவும் பேசுறதுதான். ஆனா அன்னைக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு."

அதை அவர்கள் கேட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஃபோத்திஸ் அதற்குள், "இருந்தாலும் கடல் தாண்டி முதல்ல கிளம்பினது நான்" என்று ஆரம்பித்திருந்தார். பேசிக்கொண்டே, கறியில் நல்ல துண்டாகப் பார்த்துத் தம்பியின் தட்டில் வைத்தார்.